முதல் முறை பைபாஸில் குடும்பத்தோடு: சென்னையிலிருந்து தெற்கே விபத்தில்லாமல் கார் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்குள் ஒன்றிரண்டு வருடம் கார் ஓட்டிப் பழகிவிட்டு, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முதல் முறையாகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, நெல்லை என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று பலருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இந்தச் சாலையைப் பழக்கியிருக்கிறேன். தடுமாறுகிற இடங்கள் அநேகமாக எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பம்பர் உரசலோடு முடிந்துபோகும் தவறு, நூறில் உயிரைக் கேட்கும். பிரேக் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்து ஓட்டக் கூடாது. பிரேக்கை அழுத்த வேண்டிய நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதில் பெரும்பகுதி சாவியைத் திருப்புவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. புதியவர்கள் இதைக் கடைசியில்தான் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடித்து வந்து, அவசரமாகச் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் விடியும்போது மதுரை என்று கணக்குப் போடுவார்கள். டிராஃபிக் இருக்காது, பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

பிள்ளைகள் தூங்குவார்கள். ஆனால் இரவு இரண்டு மணியிலிருந்து விடியற்காலை வரை ஓட்டுகிறவர் உடம்பும் தூக்கத்தைத்தான் கேட்கும். பகல் முழுக்க வேலை பார்த்தவர் அந்த நேரத்தில் உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, வளைவே இல்லாமல் நீளும் சாலையில் இருப்பார். பாட்டோ காபியோ பேச்சுத்துணையோ இதைச் சரிசெய்யாது.

முந்தின இரவு ஒன்பது மணிக்குப் படுத்து, முழுசாகத் தூங்கி எழுந்து, காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். சாப்பாட்டுக்கு நிறுத்தியும் பதினொரு மணி வாக்கில் போய்ச் சேரலாம். நெல்லை 600 கிலோமீட்டருக்கு மேல். ஓட்ட இன்னொருவர் இல்லையென்றால் முதல் முறையே ஒரே மூச்சில் போக வேண்டாம். திருச்சியிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்குங்கள். அறை வாடகைக்கு யோசிக்கிற இடம் இதுவல்ல.

பண்டிகைக்கு முந்தின மாலையில் கிளம்பினால் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் டோல்கேட் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். அந்த எரிச்சலோடு, சாலை திறந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க மிதிப்பார்கள். ஒரு நாள் லீவு கூடுதலாகப் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஊரில் இருப்பவர்களிடம் வந்து சேரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். ‘மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுறோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டால், பன்னிரண்டு மணிக்குப் பிறகு உங்கள் வலது காலை இயக்குவது அந்த வாக்குதான். ‘சாயந்திரத்துக்குள்ள வந்துடுவோம், எங்களுக்காகக் காத்திருக்காதீங்க’ என்று சொன்னால் போதும்.

2. மூன்று நாள் முன்பு: டயரிலிருந்து தொடங்குங்கள்

எஞ்சின் ஆயில், கூலன்ட் எல்லாம் பார்ப்பவர்கள்கூட டயரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஓடும்போது டயர் வெடித்தால் வண்டி உங்கள் கையில் இருக்காது.

காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். அதில் இரண்டு பேருக்கு ஒரு அளவும், வண்டி நிறைய ஆளும் சாமானும் இருந்தால் வேறு அளவும் போட்டிருந்தால், உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பங்க்கில் காற்றுப் பிடிப்பவர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவை வைப்பது வழக்கம். அளவைச் சொல்லி வையுங்கள்.

‘வெயில் காலம், காற்றைக் கொஞ்சம் குறைத்து வை’ என்று நிறையப் பேர் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். இது நேர் எதிரான யோசனை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அந்த அசைவில் பக்கச்சுவர் சூடேறும். ஏற்றிய பாரத்தோடு நூறு கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் அந்தச் சூட்டில்தான் வெடிக்கும். ஓடி வந்த டயரில் அளவு கூடுதலாகக் காட்டினாலும் காற்றை இறக்காதீர்கள். ஆறினதும் அது தானே பழைய அளவுக்கு வந்துவிடும்.

அடுத்து, டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டப்படி அதுதான் கடைசி எல்லை. மழையில் ஓட்டுவதாக இருந்தால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே மாற்றிவிடுவது என் பழக்கம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். பள்ளம் நன்றாக இருந்தாலும், ஆறு வருடம் தாண்டிய ரப்பரை நம்பிக் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். பக்கச்சுவரில் கொப்புளம் போல் எங்காவது புடைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். வீட்டு வாசலிலேயே ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மெஷினில் முடுக்கிய நட்டு கையில் அசையாது என்பது விக்கிரவாண்டி தாண்டி நட்டநடுவில் தெரிய வேண்டிய விஷயமில்லை.

டயருக்குப் பிறகு பிரேக். மிதிக்கும்போது பெடல் மெத்மெத்தென்று உள்ளே போனாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ மெக்கானிக்கிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள். பின்பக்க பிரேக் விளக்குகளை யாரையாவது நிற்க வைத்துப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், கண்ணாடி கழுவும் தண்ணீரை நிரப்புங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் போட்டு வையுங்கள். எச்சரிக்கை முக்கோணம், டார்ச், முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் இருக்கட்டும்.

3. சாமான் ஏற்றும் முறை

கனமானது கீழே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி. லேசானது மேலே. அரிசி மூட்டை, குக்கர், கனமான பாத்திரங்கள் எல்லாம் டிக்கிக்குள் போக வேண்டும். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் எதையும் வைக்காதீர்கள். திடீர் பிரேக்கில் வண்டி நிற்கும், அந்தச் சாமான் நிற்காது. முன்னால் இருப்பவர் பின்மண்டையில்தான் வந்து அடிக்கும்.

தண்ணீர் பாட்டிலை டிரைவர் காலடியில் போடவே கூடாது. உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பெடல் இறங்காது. கடையில் வாங்கி மேலே போட்ட இரண்டாவது மிதியடியும் இதே வேலையைச் செய்யும். ஒன்று போதும், அதுவும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும்.

4. உட்காரும் முறை, பெல்ட், கண்ணாடி

இருக்கை, பெல்ட், கண்ணாடி என்ற வரிசையில் செய்யுங்கள். இருக்கையை நகர்த்தினால் கண்ணாடிக் கோணம் மாறிவிடும். அதனால் இருக்கைதான் முதலில்.

பிரேக்கை முழுசாக அழுத்திய நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். முதுகை ஒட்டிக்கொண்டு கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே பத்து அங்குலத்துக்கு, அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்துக்கு, குறையக் கூடாது. ஏர்பேக் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள், முக்கியமாக உயரம் குறைந்தவர்கள், பானெட் தெரியவேண்டும் என்று ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காருகிறார்கள். முன்னால் நகர்வதற்குப் பதில் இருக்கையை உயர்த்துங்கள்.

பெல்ட் பின் இருக்கைக்கும் சேர்த்துத்தான். இதில்தான் வீட்டுப் பெரியவர்களோடு வாக்குவாதம் வரும். ‘நான் பின்னாடிதானே இருக்கேன், எனக்கெதுக்கு?’ என்பார்கள். மோதும்போது பின்னால் பெல்ட் போடாமல் இருப்பவர் முன் இருக்கையின் மேல் முழு எடையோடு போய் விழுவார். பெல்ட் போட்ட முன்னிருக்கைக்காரரும் அதனால் நசுங்குவார். ‘உங்களுக்காக இல்ல அத்தை, முன்னாடி உக்காந்திருக்க உங்க பையனுக்காகப் போட்டுக்குங்க’ என்று சொல்லிப் பாருங்கள். மறு பேச்சு இருக்காது.

பெல்ட்டின் கீழ்ப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டிப் போக வேண்டும். மேல் பட்டை அக்குளுக்கு அடியில் போகக் கூடாது.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். ஆனால் வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்கும்போது, பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேல் பிடி வேண்டும். எந்தத் தாய்க்கும் அந்தப் பலம் கிடையாது. அதைவிட மோசம், ஒரே பெல்ட்டைத் தனக்கும் மடியில் உள்ள குழந்தைக்கும் சேர்த்துப் போடுவது. பெரியவர் எடை முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு அழுத்தும். குழந்தைக்கான தனி இருக்கையை வாங்கிப் பின்னால் பொருத்துங்கள். பின்னோக்கி உட்காரும் வகை இருக்கையை, ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, சுமார் நாலேமுக்கால் அடி உயரம் வரும் வரை, உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை வேண்டும். இல்லையென்றால் பெல்ட் கழுத்தில் போய் உட்காரும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

கடைசியாகக் கண்ணாடிகள். பக்கக் கண்ணாடியில் உங்கள் வண்டியின் உடம்பு ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் போதும். பாதிக் கண்ணாடியில் சொந்தக் கதவே தெரியும்படி வைத்திருந்தால், பக்கத்தில் வரும் பைக் அதில் தெரியாது.

5. முதல் ஒரு மணி நேரம்: செங்கல்பட்டு வரை அவசரம் வேண்டாம்

தாம்பரம் தாண்டிவிட்டால் பைபாஸ் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். இன்னும் வரவில்லை. வண்டலூர், கிளாம்பாக்கம் பேருந்து முனையம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று வரிசையாகச் சாலையைக் கடக்கும் ஆட்கள், திடீரென நிற்கும் பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள். செங்கல்பட்டு வரை ஊருக்குள் ஓட்டுவது போலவே ஓட்டுங்கள்.

இந்தத் தூரத்தை இன்னொன்றுக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். ஐந்து பேரும் சாமானுமாக இருக்கும் வண்டி, தினமும் ஆபீஸுக்குத் தனியாக ஓட்டும் வண்டி மாதிரி நிற்காது. திருப்பும்போது சாயவும் செய்யும். அதைக் கால் இங்கேயே பழகிக்கொள்ளட்டும்.

6. முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று விநாடி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகும் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ கம்பத்தையோ தாண்டும்போது ‘நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு, நூற்றி மூன்று’ என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் மிகவும் ஒட்டிப் போகிறீர்கள். மீட்டர் கணக்கில் இடைவெளி சொன்னால் ஓடும்போது அளக்க முடியாது. விநாடிக் கணக்கு எந்த வேகத்துக்கும் தானாகப் பொருந்தும்.

ஏன் மூன்று? ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 42 மீட்டர் போயிருக்கும், பிரேக் தொடாமலே. அதன் பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரில், முழு பிரேக்கில் நிற்க இன்னும் 55 மீட்டருக்கு மேல். மொத்தம் கிட்டத்தட்ட 100 மீட்டர். எண்பதில் வந்தால் எல்லாம் சேர்த்து 70 மீட்டருக்குள் நின்றுவிடலாம்.

இதை இன்னொரு விதமாகப் பாருங்கள். ஒரே இடத்தில் ஆபத்தைப் பார்த்து இரண்டு வண்டிகள் பிரேக் போடுகின்றன, ஒன்று எண்பதில், இன்னொன்று நூறில். எண்பதில் வந்த வண்டி முழுசாக நிற்கும் இடத்தில், நூறில் வந்த வண்டி இன்னும் எழுபதில் போய்க்கொண்டிருக்கும். இருபது கிலோமீட்டர் வித்தியாசம் மோதும் இடத்தில் எழுபதாகிறது. அந்த வேகத்தால் மிச்சப்படுவது நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம். டீக்கு நிறுத்தினால் போய்விடுகிற நேரம்.

முதல் முறை போகிறவர்கள் 80, அதிகம் போனால் 90. பலகையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த வேகம்.

‘இடைவெளி விட்டால் வேறு வண்டி நுழைந்துவிடுகிறதே’ என்று எல்லாரும் கேட்பார்கள். நுழையும். காலை லேசாக எடுத்து மறுபடி மூன்று விநாடி உண்டாக்கிக்கொள்ளுங்கள். இருபது வண்டி அப்படி நுழைந்தாலும் உங்களுக்கு இழப்பு ஒரு நிமிடம்தான். உயரமான லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் நான்கு விநாடி விடுங்கள். அதன் முன்னால் என்ன இருக்கிறது என்பதே தெரியாதபோது, அந்த டிரைவரின் முடிவுக்கு உங்கள் உயிரை ஒப்படைத்துவிட்டு ஓட்டுகிறீர்கள்.

7. எந்த லேன், எப்படி ஓவர்டேக்

விதிப்படி இடது லேனில் போய், ஓவர்டேக் செய்ய மட்டும் வலது லேனுக்கு வர வேண்டும். நடைமுறையில் பல லாரிகள் வலது லேனைப் பிடித்துக்கொண்டு நகராமல் போகும். இடது லேனிலோ வண்டிகள் நிற்கும், பைக்குகள் எதிரே வரும். அதனால் இரண்டு லேனும் எப்போதும் காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் ஓட்டாதீர்கள்.

ஓவர்டேக் செய்யும் வரிசை: உள் கண்ணாடி, வலது கண்ணாடி, இண்டிகேட்டர், ஒரு தடவை தோளுக்கு மேலே பார்வை, அதன் பிறகு திருப்புவது. புதியவர்கள் இண்டிகேட்டரையும் ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். பின்னால் நூற்றிருபதில் வருகிறவருக்கு அது தகவலாகப் போய்ச்சேர இரண்டு மூன்று விநாடி வேண்டும். கண்ணாடியில் தூரத்தில் தெரியும் வண்டி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று பார்க்க, ஒரு விநாடி விட்டு மறுபடி பாருங்கள். அளவு பெரிதாகியிருந்தால் அது போகட்டும்.

லாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டி ஓடக் கூடாது. லாரியின் பக்கக் கண்ணாடியில் அதன் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கு நீங்கள் தெரியவில்லை. ஒன்று பின்னாலேயே இருங்கள், இல்லையென்றால் சட்டென்று தாண்டிவிடுங்கள். தாண்டியதும் உள் கண்ணாடியில் லாரியின் முழு முகமும் தெரிந்த பிறகே இடது பக்கம் வாருங்கள். இடப்பக்கமாகத் தாண்டுவது கடைசி வழி. வலது லேனில் நகராத லாரிக்கு ஹார்ன், லைட் காட்டியும் வழி கிடைக்காவிட்டால், இடது லேன் வெகுதூரம் காலியாகத் தெரிந்தால் மட்டும்.

8. நம் சாலைக்கே உரிய ஐந்து ஆபத்துகள்

டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தராத பகுதி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, சென்டர் மீடியனில் விட்டிருக்கும் திறப்புகள். பக்கத்து கிராமத்துக்காரர் அங்கேதான் யு-டர்ன் எடுப்பார், டிராக்டர் குறுக்கே நுழையும். மஞ்சள் விளக்கு சிமிட்டும் கம்பம், தடுப்புகள், சாலையோரம் நாலைந்து கடைகள் என்று ஏதாவது தெரிந்தாலே காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம். கால் ஏற்கெனவே அங்கே இருந்தால் அரை விநாடிக்கு மேல் மிச்சம்.

இரண்டாவது, எதிர்த்திசையில் வரும் பைக். அடுத்த திறப்பு வெகுதூரம் என்பதால் இடது ஓரமாகவோ மீடியனை ஒட்டியோ எதிரே வருவார்கள். அவர் செய்வது தப்புதான். ஆனால் இருவர் வேகமும் சேர்ந்து வருவதால், அவரைப் பார்த்துவிட்டு யோசிக்க நேரம் இருக்காது. மேம்பாலத்தின் உச்சியிலும் வளைவிலும் மீடியனை உரசிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாவது, நிற்கும் லாரி. டீக்கடை எதிரே, டோல்கேட்டுக்கு முன்னும் பின்னும், பஞ்சராகி நடுச்சாலையிலும் நிற்கும். பின் விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவில் அது நகர்கிறதா நிற்கிறதா என்று கடைசி நொடி வரை தெரியாது. காரின் பானெட் லாரிக்கு அடியில் போய்விடுவதால், பெல்ட்டும் ஏர்பேக்கும்கூட அங்கே பெரிதாக உதவுவதில்லை. இடது லேனில் முன்னால் எதுவோ கறுப்பாகத் தெரிகிறது என்றால் ‘நிற்கிறது’ என்றே எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

நான்காவது, நடந்து போகிறவர்கள். தைப்பூசத்துக்குப் பழனி, சித்திரையில் சமயபுரம், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி என்று பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரமாக இரவெல்லாம் நடக்கும். அந்த நாட்களில் இந்த ஊர்களை நோக்கிப் போகிற பாதையானால் இடது லேனையே விட்டுவிடுங்கள், இரவில் அறுபதுக்கு மேல் போகாதீர்கள்.

ஐந்தாவது, அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போடும் நெல், கேழ்வரகு, கொள்ளு. ஓரத்தில் கல் வைத்துப் பாதிச் சாலையை அடைத்திருப்பார்கள். தானியத்தின் மேல் ஏறி பிரேக் போட்டால் டயர் வழுக்கும். பைபாஸை விட்டு உள்ளூர்ச் சாலையில் இறங்கியதும் இதை அதிகம் பார்க்கலாம்.

9. இருட்டிலும் மழையிலும்

இரவில் ஓட்டத்தான் வேண்டும் என்றால், வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். லோ பீமில் தெரிவது நாற்பது, ஐம்பது மீட்டர்தான். ஆறாவது பகுதியின் கணக்கை வைத்துப் பார்த்தால் அது அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கான தூரம். காலியான சாலையில் ஹை பீம் போடுங்கள். எதிரே வண்டி வந்தாலும், முன்னால் வண்டி போனாலும் உடனே டிம் செய்யுங்கள். எதிரே வருகிறவர் டிம் செய்யாவிட்டால் பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போடாதீர்கள். இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போவதுதான் மிச்சம். பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்துக் கடந்துவிடுங்கள்.

மழையில் மூன்று விநாடியை ஆறாக்குங்கள். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழைதான் மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து மேலே வரும். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தரையைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதக்கும். திடீரென ஸ்டீயரிங் லேசானால் அதுதான் அறிகுறி. பிரேக்கும் போடாமல், திருப்பவும் செய்யாமல், ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டு நேராகப் பிடித்திருங்கள். பிடிப்பு திரும்ப வரும். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை மழையில் அணைத்துவிடுங்கள்.

மழையில் நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டு ஓட்டுவது நம் ஊரில் பரவிவிட்ட தவறான பழக்கம். அப்போது நீங்கள் திரும்பப்போவதை யாருக்கும் காட்ட முடியாது; நிற்கிறீர்களா போகிறீர்களா என்பதும் பின்னால் வருகிறவருக்குப் புரியாது. லோ பீமைப் போடுங்கள், பின் விளக்கும் சேர்ந்து எரியும். அது போதும். எதுவுமே தெரியாத அளவுக்குக் கொட்டினால் பங்க்கிலோ ஓட்டல் வாசலிலோ ஒதுங்குங்கள், சாலையோரத்தில் நிற்க வேண்டாம்.

10. தூக்கமும் போனும்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடங்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஓட்டாதீர்கள். இரண்டிலிருந்து நான்கு மணி வரை பகலிலும் கண் சொருகும்.

கொட்டாவி அடுத்தடுத்து வருவது, கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் போவது, வண்டி கோட்டின் மேல் ஏறுவது, இவற்றில் ஒன்று வந்தாலே நிறுத்திவிட வேண்டும். நான்கு விநாடி கண் மூடினால், எண்பதில் போகும் வண்டி 90 மீட்டர் ஆளில்லாமல் ஓடுகிறது. ஜன்னலைத் திறப்பது, முகம் கழுவுவது எல்லாம் ஐந்து நிமிடம் தாங்கும். ஒரு காபி குடித்துவிட்டு, டோல்கேட் வளாகத்திலோ பங்க்கிலோ வண்டியைப் பூட்டிக்கொண்டு இருபது நிமிடம் தூங்குங்கள். எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அப்புறமும் கண் எரிந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான், அறை எடுங்கள்.

போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வழி பார்ப்பது, போன் எடுப்பது, பாட்டு மாற்றுவது மூன்றும் அவர் வேலை. குடித்திருந்தால், முந்தின இரவு நிறையக் குடித்திருந்தாலும், ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள்.

11. கடைசி நொடியில் செய்ய வேண்டியவை

இவற்றை யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாயோ மாடோ குறுக்கே வந்தால் நேராக பிரேக், வெடுக்கென்று திருப்பாதீர்கள். வேகத்தில் திருப்பினால் வண்டி மீடியனில் ஏறும், இல்லை உருளும். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிரேக்கை முழுசாக அழுத்தி அப்படியே வைத்திருங்கள். காலடியில் தடதடவென்று அதிரும். அதிர்ச்சியில் காலை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்தான் அந்த அதிர்வு.

டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுங்குங்கள்.

12. வண்டி நின்றுவிட்டால், விபத்து நடந்துவிட்டால்

முதலில் நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். அது இதற்காகத்தான் இருக்கிறது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி முடிந்தவரை இடது பக்கம் ஒதுக்குங்கள். அடுத்து ஆட்களை இறக்குங்கள், எல்லாரும் இடது கதவு வழியாக. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கட்டும். வண்டிக்குள் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பதும், வண்டிக்குப் பின்னால் நின்று டிக்கியைக் குடைவதும்தான் உயிர்போகிற தவறுகள். அதன் பிறகு, போக்குவரத்தைப் பார்த்தபடி ஓரமாகப் பின்னால் நடந்து, குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி முக்கோணத்தை வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் எங்கிருந்தும் 1033-க்கு அழைக்கலாம். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் உங்களை உடனே கண்டுபிடிப்பார்கள். வலது பக்கச் சக்கரம் பஞ்சர், ஒதுங்க இடமும் இல்லையென்றால், டயர் நாசமானாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. அசைக்க வேண்டிய அவசரம் இல்லாவிட்டால் அடிபட்டவரை இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்தில் காயம் இருந்தால் அது நிரந்தர முடக்கமாகிவிடலாம். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அரசு வைத்திருக்கும் வரம்புக்குள் கட்டணமில்லாமல் கிடைக்கும். அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். வழியில் வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் தயங்காமல் உதவுங்கள். உதவியவரை வழக்கில் இழுக்கக் கூடாது, பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

13. பைபாஸை விட்டு இறங்கிய பிறகு

நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவந்தவருக்கு ஊர்ப் பெயர்ப் பலகை தெரிந்ததும் பயணம் முடிந்த மாதிரி இருக்கும். கண்ணும் காலும் இன்னும் எண்பதுக்குப் பழகியிருக்கும். ஐம்பதில் போனாலும் ஊர்வது போலத் தோன்றும். சாலையோ மீடியன் இல்லாத இருவழி. இறங்கும் இடத்தில் ஓர் ஐந்து நிமிடம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். அதன் பிறகு வேகத்தை உணர்வால் கணிக்காமல் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள்.

இருவழிச் சாலையில் டவுன் பஸ்ஸை ஓவர்டேக் செய்யாதீர்கள். அது எப்படியும் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும். நின்ற பஸ்ஸைக் கடக்கும்போது, அதன் முன்னாலிருந்து பள்ளிப் பிள்ளை ஓடி வரும் என்றே வைத்துக்கொண்டு நடை வேகத்தில் போங்கள்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் சுற்றிக்கொள்ளும். சந்தில் திருப்பி நிறுத்த ரிவர்ஸ் எடுக்கும் நேரமும் அதுதான். மூன்று வயதுப் பிள்ளை டிக்கிக்குப் பின்னால் நின்றால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. ஒருவரைக் கீழே இறக்கி, எல்லாப் பிள்ளைகளையும் திண்ணையில் ஏற்றி, அவர் எண்ணிச் சொன்ன பிறகே ரிவர்ஸ் கியரைப் போடுங்கள்.